வாய் மூடி ஓதுவது எப்படி

தொண்ணூறுகளில் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கிளை நூலகத்தில் அட்டெண்டராக இருந்தேன். கதவு திறப்பது, பெருக்குவது, புத்தகங்களைத் தட்டி அடுக்குவது, பேசுகிறவர்களை முறைப்பது, இவைதான் என் வேலை. கடைசி வேலைக்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. என் முகவாகு அப்படி.

கட்டடம் பழைய ஓட்டு வீடு. முன்னால் கூடம், பின்னால் ஓர் அறை. பின்னறை மழைக்கு ஒழுகும் என்பதால் அதைப் பூட்டி, கிழிந்த புத்தகங்களை மூலையில் போட்டு வைத்திருந்தோம். நூலகர் நடுவயதுக் கன்னடப் பெண்மணி. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மழைக்காலத்துக்கு முன்பே ஏணி போடச் சொல்வார். என்னை ஏற விடமாட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏறி, கூடத்தின் மேல் எந்த ஓடு விரிந்திருக்கிறது, எங்கே கரையான் ஏறுகிறது என்று பார்ப்பார். பிறகு இலாகா ஆபீசுக்குப் போய், கட்டடம் பார்க்கும் என்ஜினியர் எதிரில் உட்கார்ந்துவிடுவார். இன்று போ, நாளை வா என்பார்கள். நாளையும் போவார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

கூடத்தின் சுவரில் ஒரு பலகை உண்டு. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. ஈரக் குடையை உள்ளே கொண்டுவரக் கூடாது. ஒரு பேப்பரை ஏடு ஏடாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கன்னட எழுத்தில் ‘மௌனவாகி ஓதி’, மௌனமாகப் படியுங்கள். விதி என்றால் அவருக்கும் சேர்த்துத்தான். இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வருவார். ஒருநாள் பார்வையிட வந்த மேலதிகாரி கூடத்தின் நடுவில் நின்று ஊருக்கே கேட்கும்படி பேச, மேடம் ஒன்றும் சொல்லாமல் பலகையைக் கை காட்டினார். மீதிப் பேச்சை அந்த அதிகாரி வாசல்படியில் நின்று பேசி முடித்தார். எனக்கு அன்றைக்கே தீபாவளி.

அந்த நூலகத்துக்கு மத்தியான வேளையில் ஒரு தமிழ்ப் பெண் வர ஆரம்பித்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோபிநத்தம் பக்கத்துக்காரர், அடுத்த தெருவில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் சித்தாள் வேலை. முதியோர் வகுப்பில் கன்னட எழுத்து கற்றிருந்தார். பாதியில் வகுப்பு நின்றுபோனது. தினமும் கொஞ்சமாவது படிக்காவிட்டால் கற்றது நழுவுகிறது, ஒன்றின் கீழ் ஒன்று தொங்கும் கூட்டெழுத்துகள் முதலில் மறந்துபோகின்றன என்று என்னிடம் பயந்து சொன்னார். தங்கியிருந்த தகரக் கொட்டகையில் எழுத்து என்று இருந்தது சிமெண்ட் மூட்டையின் மேல் மட்டும்தான். அதனால் சோற்று வேளையில் கைகால் கழுவிக்கொண்டு எங்களிடம் வருவார். ஒரே சிக்கல், அவருக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும்.

கூடத்தில் தினமும் பேப்பர் படிக்க வரும் பென்ஷன்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களில் பெரிய குரல் அக்ரஹாரத்துப் பெரியவர் ஒருவருடையது. வீட்டில் தமிழ் பேசுகிறவர், பேப்பரை மூக்கோடு ஒட்டிக்கொண்டு படிப்பார். இது லைப்ரரியா, திண்ணைப் பள்ளிக்கூடமா என்று என்னிடம் பாய்ந்தார். நான் போய்ப் பலகையைக் காட்டினேன். அந்த அம்மா அதை எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்ணா, ஓதுன்னுதானுங்க எழுதியிருக்குது? வாய மூடிக்கிட்டு எப்படிங்க ஓதறது?”

கன்னடத்தில் ஓது என்றால் படி. தமிழில் ஓதுவதென்றால் வாய்விட்டுத்தான். மனசுக்குள் மந்திரம் ஓதுகிறேன் என்று ஒருவர் சொன்னால் தட்சிணை கொடுப்போமா? அந்த அம்மாவின் வாதத்தில் ஓட்டையே இல்லை. இருந்ததெல்லாம் எங்கள் பின்னறைக் கூரையில்தான்.

மேடமிடம் விளக்கிச் சொன்னேன். சிரித்தார். ஆனால் கூடத்தில் மௌனம்தான், அதை யாருக்காகவும் தளர்த்த முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் அந்த அம்மா வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அப்படியே திரும்பிப் போனார். என் மனசு கேட்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மேடமை மனதுக்குள் திட்டினேன்.

திட்டி முடிப்பதற்குள் அவர் என்ஜினியர் எதிரில் போய் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும். கடைசியில் மங்களூர் ஓடு வந்தது, ஆளும் வந்தான். பின்னறைக் கூரை மாறி, சுண்ணாம்பு அடித்து, பெஞ்சு போட்டோம். பலகையை மேடமே எழுதினார்: ‘இல்லி கட்டியாகி ஓதி’, இங்கே உரக்கப் படியுங்கள். கீழே அதற்கும் விதிகள். ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும். ஊர்வம்பு கூடாது. எச்சில் இங்கேயும் கூடாது. பிறகு என்னைக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பி, அந்த அம்மாவை அழைத்துவரச் சொன்னார். விதியைத் தளர்த்தாமல் ஒரு மனுஷிக்கு இடம் பண்ணிக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குள் அக்ரஹாரத்துப் பெரியவருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. பேப்பர் மூக்கைத் தொட்டும் எழுத்து பிடிபடவில்லை. ஒருநாள் கூடத்தைத் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தார். எனக்கு உள்ளூர ஒரு குஷி, இப்போது வந்தீரா வழிக்கு என்று. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, நீ ஓதும்மா, நான் கேக்கறேன் என்றார். அந்த அம்மா தலைப்புச் செய்தியில் தொடங்கினார். உச்சரிப்பு தவறினால் அவர் திருத்துவார். அந்த அம்மா திரும்பப் படிப்பார். நாளாக நாளாக, மத்தியானம் ஆனதும் அவர் வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். என் குஷி எப்போது கரைந்தது என்று தெரியவில்லை.

ஒருநாள் நல்ல மழை. பின்னறையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். பாதிச் செய்தியில் அந்த அம்மாவின் குரல் நின்றது. பெரியவர் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

“ஏம்மா நிறுத்திட்டே? ஓது.”

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. உதடு மூடியிருந்தது. கண் மட்டும் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்தலீங்க. படிச்சிட்டுத்தானுங்க இருக்கறேன்.”

பெரியவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் முடியும்வரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.