கன்றை அவிழ்த்துவிட்ட அத்தை

பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு அத்தை தீ வைத்தபோது எனக்கு எட்டு வயது. தொண்ணூற்றொன்றாம் வருடம், பிள்ளைப்பாக்கத்தில். அப்பாவின் தங்கையான அவள், கொட்டகைக் கூரைக்குள் ஆட்கள் ஒளிந்துகொண்டு தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சில மாதங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கினால் குரல்கள் அடங்கும். ஆனால் நாளெல்லாம் தூக்கம் தள்ளுகிறது என்று துப்பிவிடுவாள்.

தீ கொட்டகையோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூரையும் பற்றிக்கொண்டது. அணைக்கப் போன வீட்டுக்காரருக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. அத்தை தீ வைத்ததை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் வக்கீல் வாலாஜாபாத்காரர். "டாக்டர் சீட்டு மட்டும் பத்தாதுங்க. பத்த வெச்ச அந்த நேரத்துல, தான் இன்னா செய்றோம்னோ, அது தப்புன்னோ அந்தம்மாவுக்குத் தெரியாம இருந்திருக்கணும். அப்பதான் விடுவாங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

அதன்பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்தாலே எனக்கு ஒத்திகைதான். "அத்த தனியா பேசிக்கினு இருந்துச்சு, குச்சியக் கிழிச்சிப் போட்டுச்சு. அவ்ளோதான் சொல்லணும், இன்னா?" என்பார் அப்பா. ஒரு வார்த்தை மறந்தாலும் அத்தையை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்காது. காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். "தனியா பேசாதடி" என்று அம்மா மிரண்டுபோய் என் வாயைப் பொத்தினாள்.

பொய் சொல்வது தப்பா என்று நீதிபதி கேட்டார். தப்பு என்றேன். பாடம் செய்ததைத் திக்காமல் ஒப்பித்தேன். அடுத்து அரசு வக்கீல் எழுந்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, "உங்க அத்தை ரொம்பக் கெட்டவங்களா பாப்பா?" என்று மெல்லக் கேட்டார்.

இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"இல்ல சார், அத்த ரொம்ப நல்லது. உள்ள கன்னுக்குட்டி கட்டியிருந்துச்சு. பாவம், வெந்துபூடும்னு சொல்லி அவுத்து வெளிய ஓட்டிச்சு. அப்புறந்தான் பத்த வெச்சுது."

"அப்பவே அப்படிச் சொன்னாங்களா?"

"ஆமா சார்."

வேறெதுவும் கேட்காமல் அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நோய் உண்மைதான், ஆனாலும் நெருப்பு என்ன செய்யும் என்பதும், தான் செய்வது கேடு என்பதும் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. மூன்று வருடம்.

ஆனால் அன்றைக்கு, நான் கூண்டிலிருந்து இறங்கியதும் அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. திரும்பும்போது, யாரும் சொல்லித்தராததையும் நானாகவே சேர்த்துச் சொன்னேன் பார்த்தாயா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்து, அவள் மடியில் தலைவைத்து நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.