சிவப்பு நூல், வெள்ளை நூல்

பாளையங்கோட்டையில் நான் ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியின் கிணற்றடியில் ஒரு தைலமரம் நின்றது. பள்ளிக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த குட்டையைச் சுற்றி அந்த மரங்களை வைத்தால் காய்ச்சல் அண்டாது என்பது தலைமையாசிரியையான துரைசாணியம்மாவின் நம்பிக்கை. ஆனால் அதன் விதையைத் தூவினால் ஒன்றிரண்டே முளைத்தன. அவையும் இரண்டு இலை விட்டபின், மேற்கொண்டு வளர்வதா என்று யோசித்து நின்றன.

காரணம் நூலகத்துத் தாவரவியல் புத்தகத்தில் இருந்தது. தைலமர மொட்டுக்கு ஒரு மூடி உண்டு. மூடி விழுந்ததும் மகரந்தம் உதிரத் தொடங்கும். அதே பூவின் சூல்முடி பக்குவப்படச் சில நாட்கள் ஆகும். ஆகவே பூ அயல் மகரந்தத்துக்குக் காத்திருக்கிறது. அயல் மரம் அருகில் இல்லையென்றால், தேனீ அதே மரத்தின் மற்றொரு பூவிலிருந்து கொண்டுவருவதை ஏற்றுக்கொள்கிறது. அப்படி உண்டாகும் விதை குறைவு, நாற்று நோஞ்சான் என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதைச் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஏணியில் ஏறி, மூடி விழவிருந்த மொட்டுகளைத் திறந்து, மகரந்தத் தாள்களைக் கத்தரித்து, தேனீ புகாதபடி மல் துணிப் பைகளைக் கட்டினேன். வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீல் தோட்டத்தில் வேறொரு தைலமரம் பூத்திருந்தது. அதன் மகரந்தத்தைத் தீப்பெட்டியில் வைத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன். சூல்முடி பிசுபிசுத்ததும் பாதிப் பூக்களுக்கு அதைத் தூரிகையால் தொட்டுவைத்துச் சிவப்பு நூல் கட்டினேன். மீதிக்குக் கிணற்றடி மரத்தின் மகரந்தமே. அவற்றுக்கு வெள்ளை நூல்.

பத்து நாளில் என் பைகளோடு நான் கட்டாதவையும் தொங்கின. மஞ்சள் தோய்த்த துணிகள் நான்கு, சிறு மரத்தொட்டில் ஒன்று. தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தியிடம் கேட்டேன்.

"டீச்சரம்மாவே கல்யாணத்துக்கு வேண்டிக் கட்டுதாவ. நாங்க கட்டினா என்னவாம்?" என்றாள்.

செய்தி கொற்கைக்குப் போய், அங்கிருந்து என் அத்தை எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். அவள் அப்பாவுக்கு அக்கா. அவளுடைய ஒரே மகனுக்கு என்னைத் தருவதாக, நான் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமானால் வேலையை விட வேண்டும். எனக்கு விட மனமில்லை. அதை யாரிடமும் சொன்னதுமில்லை.

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லிவிட்டா வரமாட்டமா? ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போற பிள்ள, மரத்துலயா துணி கட்டும்?"

"அது பாடத்துக்கு, அத்தை. காய் முத்தி, வெத போட்டு, மொளச்சாத்தான் முடியும்."

"நேர்ச்சைன்னா அப்படித்தான்." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "பையப் பைய முடியட்டும்லே. நேர்ச்சை முடியாம நாள் குறிக்கக் கூடாது."

நான் திருத்தவில்லை. எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது.

மறுவருஷம் அத்தை நேரே பள்ளிக்கே வந்தாள். மண்சட்டிகள் இரண்டு வரிசையாக இருந்தன. சிவப்பு நூல் நாற்றுகள் முழங்கால் உயரம். வெள்ளை நூல் வரிசையில் பாதிச் சட்டிகள் வெறும் மண். மற்றவற்றில் சாண் அளவுச் செடிகள்.

"இது ஏன் இப்படி நிக்கி?"

"செவப்பு நூலு வெளி மரத்துப் பூந்தூளு வச்சது. வெள்ளை அந்த மரத்துக்குள்ளயே வச்சது."

அத்தை குந்தி உட்கார்ந்து வெள்ளை நூல் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். வெறும் சட்டிகளையும் விடவில்லை. அவளைக் கட்டிக்கொடுத்தது அவளுடைய சொந்தத் தாய்மாமனுக்கு. பெற்ற நான்கில் மூன்று கொற்கைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றன. மிஞ்சிய மகனுக்கு மழை தொடங்கினால் மூச்சு இரைக்கும்.

"அப்பம் சொந்தத்துக்குள்ளயே முடிச்சா இப்படித்தான் வருமோ?"

"நான் மரத்தச் சொல்லுதேன், அத்தை."

"நானும் மரத்தத்தான் கேக்கேன்."

ஒரு மரத்தையும் சில சட்டிகளையும் வைத்து மனிதரைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டாவது முறையும் நான் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்தவள் அப்பாவிடம், "நாள் குறிக்க வரலலே. பிள்ள பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். அவனுக்குத் தூரத்துல பாக்கேன்" என்றாள். அப்பா காரணம் கேட்டார். "எல்லாம் அந்த மரந்தான்" என்றாள். அப்பாவுக்கு அது விளங்கவில்லை.

புறப்படும்போது வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தச் சொன்னாள். நான் நல்ல சிவப்பு நூல் நாற்றாக இரண்டு எடுத்து வைத்தேன். அவள் இறங்கிப் போய், வெள்ளை நூல் சட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அது பிழைக்காது, அத்தை."

"தண்ணி ஊத்துதவளுக்குல்லா அது தெரியும். ஒதுங்கு, வண்டி போட்டும்."

சட்டியைக் கீழே வைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டாள்.