பூண்டுக் கம்பில் தொங்கிய நூலகம்

புவனா எங்கள் மலையூரின் நூலகர். அவரை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பத்து வருடமாக நான் தினமும் செய்தித்தாள் படிக்கப் போவேன். "பேப்பரோட நிறுத்திக்கிட்டா எப்படிண்ணே, ஒரு புத்தகம் எடுங்க" என்று பிடுங்கியெடுப்பார். நான் மசிந்ததில்லை.

போன வருடம் ஐப்பசி மழையில் ஓடை உடைத்துக்கொண்டு நூலகத்துக்குள் புகுந்தது. இடுப்பளவு சேறு. மறுநாள் வெயில் எட்டிப் பார்த்ததும், நல்லது செய்கிற நினைப்பில் நனைந்த புத்தகங்களை ரோட்டில் பரப்பினோம். புவனா ஓடி வந்தார்.

"பூண்ட இப்படித்தான் காயப் போடுவீங்களா?"

பூண்டு வெயிலில் கிடந்தால் வெதும்பிவிடும். வீட்டுக்குள் நிழலில், காற்றாடக் கம்பில் தொங்க வேண்டும். பூண்டு விளைகிற எங்கள் ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. புத்தகம் என்றதும் எங்கள் புத்தி மேயப் போய்விட்டது.

அறுவடைப் பூண்டெல்லாம் விற்றுப்போய் எல்லார் வீட்டிலும் கம்பு சும்மா கிடந்தது. தேறும் என்று புவனா ஒதுக்கியவை அறுநூறு புத்தகங்கள். அவற்றைக் கம்பில் தொங்கவிடச் சொல்லி வீட்டுக்கு வீடு கொடுத்தார். ஆளுக்கு மூன்றுதான் என்பது விதி. அதனால் இருநூறு பேரை உறுப்பினராக்கி, ஒவ்வொன்றையும் இரவல் பதிவேட்டில் ஏற்றினார். வேறு சோலி இல்லையா என்று சிரித்தேன். என் தலையிலும் மூன்று விழுந்தது.

"நாளைக்கு நாலு தடவ பக்கத்தப் புரட்டி விடுங்க. இல்லாட்டி ஒட்டிக்கும்" என்று உத்தரவு வேறு.

பதினைந்தாம் நாள் சேனாதிபதி என்ற நூலகத் துறை அதிகாரி வந்தார். எல்லாம் அழிந்ததென்று எழுதி, நூலகத்தைக் கொடைக்கானலோடு சேர்த்துவிடுவதாகப் பேச்சு. அப்புறம் ஒரு புத்தகத்துக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் பஸ் ஏற வேண்டும்.

"அலமாரி காலியா இருக்கேம்மா. இங்க எதுக்கு ஒரு நூலகம்?" என்றார் சேனாதிபதி.

"அழிஞ்சு காலியாகலங்க சார். அம்புட்டும் இரவல் போயிருக்கு. ஒண்ணுகூட மிச்சமில்லாம வெளிய போன நூலகம் வேற எங்க இருக்கு, சொல்லுங்க" என்று புவனா பதிவேட்டை நீட்டினார்.

அதிகாரி நம்பவில்லை. வீடு வீடாக எண்ணக் கிளம்பினார். முதல் வீடு ராக்காயியுடையது. நான்காம் வகுப்போடு படிப்பை விட்டுப் பூண்டுக் காட்டுக்குப் போனவர் அவர். நூலகப் படி ஏறியதே இல்லை. சேனாதிபதி கம்பிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார்.

"அத மட்டும் கொண்டு போயிராதீங்க சார்" என்றார் ராக்காயி. "புரட்டப் போயி படிக்க ஆரம்பிச்சிட்டேன். இன்னும் பாதி கெடக்கு."

அடுத்த வீட்டிலும் இதே கதைதான். நான்காவது வீட்டோடு சேனாதிபதி எண்ணுவதை விட்டுவிட்டார். 'நூலகம் இயங்குகிறது' என்று அறிக்கையில் எழுதினார். அதைப் படித்த புவனா ஊர் பார்க்க அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

இப்போது மேட்டில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. அலமாரிதான் இன்னும் நிறைந்தபாடில்லை. திரும்பி வருகிற புத்தகத்தை மறுநாளே யாராவது எடுத்துப் போய்விடுகிறார்கள்.