சூடேறாத எருக்குவியல்

சரளா எருக்குவியலுக்குள் கம்பியைச் செருகி, சற்றுப் பொறுத்து உருவித் தொட்டாள். சில்லென்று இருந்தது. மற்றக் குவியல்களில் விட்ட கம்பியைக் கையில் பிடிக்க முடியாது. ஈரமும் சருகும் சரியாகத்தான் இருந்தன. அப்படியானால் கோளாறு சாணியில்.

நீலசந்திரா பகுதியின் மாட்டுத் தொழுவங்களில் சாணி வாரி, ஆனேக்கல் பக்கம் மக்கவைத்து, கீரைத் தோட்டங்களுக்குக் கொடுப்பது அவள் தொழில். கெட்டுப்போன குவியல்களைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். இந்தச் சாணி கோவிந்தப்பாவின் தொழுவத்திலிருந்து வந்தது. நேரே அங்கே போனாள்.

"மாமா, மாட்டுக்கு ஊசி போட்டீங்களா?"

"ரெண்டுக்கு மடிநோய்ம்மா. டாக்டர் வந்து போட்டாரு. அந்தப் பாலை ஒரு சொட்டு விக்கல நான்."

"பின்ன என்ன பண்ணீங்க?"

"சாக்கடையில ஊத்த மனசு வருமா? லட்சுமியாச்சே. கால் படாத இடமாப் பாத்து சாணி மேல ஊத்தினேன்."

"நல்ல இடமாப் பாத்தீங்க, போங்க."

சாணியோடு வந்த மருந்து போதாதென்று பாலிலும் ஒரு பங்கு. மடியில் கிருமியைக் கொல்வது, எருவை மக்கவைக்கும் நுண்ணுயிரை மட்டும் விட்டுவைக்குமா? என்ன மருந்து என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

எருக்குவியல்களருகே பிரகாஷ் டெம்போவோடு நின்றிருந்தான். அவளிடம் அதிகம் எரு வாங்கும் கீரைத் தோட்டக்காரன் அவன்தான். கீரை விதைக்க அவன் பாத்தி தயார். வேறு எந்தக் குவியலும் இன்னும் மக்கி முடியவில்லை.

"இதைத் தரமாட்டேன். மருந்து இருக்கு," என்றாள்.

"மண்ணுல போட்டா தானா போயிடாதாக்கா?"

"சிலது போகும். சிலது களிமண்ணைப் பிடிச்சிக்கிட்டு, வெயில் படாம, மாசக்கணக்கா உக்காந்திருக்கும். இது சூட்டுல பெரும்பாலும் உடையற ரகம். முதல்ல இங்க சூடேறட்டும்."

"அப்போ சாமந்தி வைக்கிறேன். பூவை யாரு திங்கப்போறா?"

"பூ முடிஞ்சா அதே மண்ணுல என்ன வைப்பே?"

பிரகாஷ் டெம்போ பக்கம் திரும்பினான். "வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறேன், போ."

"வாங்கிக்கோ. எந்த மாட்டுக்கு ஊசி போட்டாங்கன்னு அவர்கிட்டயும் கேட்டுக்கோ."

"கேட்டா அடிப்பான்க்கா."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். பக்கத்துச் சூடான குவியலிலிருந்து வெட்டி, அந்த நுண்ணுயிர் இங்கும் பிடிக்கட்டும் என்று இதில் கலக்க ஆரம்பித்தாள். பிரகாஷ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான்.

"பாத்தி காயட்டும், விடு. இன்னொரு மண்வெட்டி எங்க?"

"தார்ப்பாய்க்குக் கீழ. அடிவரைக்கும் வெட்டு, மேலோட்டமா கிளறாதே."