பார்க்காததைப் பாடுவது

மொன்றியலில் நான்காம் வகுப்பில் நான் எழுதிய கவிதைதான் என் இலக்கிய வாழ்க்கையின் உச்சம். அதற்குப் பிறகு எழுதிய எதையும், "இதை நீ எழுதியிருக்க முடியாது" என்று யாரும் சந்தேகித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியிருந்தோம். பிறந்த வீட்டைப் பற்றிப் பிரெஞ்சில் கவிதை எழுதச் சொன்னார் ஆசிரியை. எழுதியவை வகுப்புச் சுவரில் ஒட்டப்படும். நான் யாழ்ப்பாணத்து வீட்டின் முற்றத்தையும் குண்டு விழுந்த கிணற்றையும் எழுதி, கடைசி அடியில் என் பெயரைக் கோர்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா பாடவைக்கும் பதிகங்களில் பாடியவர் அப்படித்தான் செய்கிறார். கவிதைக்கே அதுதான் சட்டம் என்று நம்பியிருந்தேன்.

ஆசிரியைக்கு அந்தப் பெயர்தான் இடித்தது. "ஒரு வயதில் இங்கே வந்துவிட்டாய். உனக்கு எப்படித் தெரியும்? அப்பா எழுதியது என்று போடு, ஒட்டுகிறேன்."

மாட்டேன் என்றேன். அப்பாவின் பிரெஞ்சு நன்றி சொல்லும் 'மெர்சி'யோடு முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். மானம் விடவில்லை.

பக்கத்து மேசை யூதச் சிறுமி எழுந்தாள். பேசியது பிரெஞ்சு, என் நினைவிலோ அவள் யாழ்ப்பாணத் தமிழில்தான் சண்டை பிடிக்கிறாள்.

"எங்கட வேதத்தில, அந்நிய நாட்டு ஆற்றங்கரையில இருந்து அழுற பாட்டு இருக்கு, மதாம். பாடினது எங்கட ராசா. சனத்தை அங்க பிடிச்சுக்கொண்டு போனது அவர் செத்துக் கனகாலத்துக்குப் பிறகு!"

"அப்படியானால் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்."

"இல்லை. கடவுள் அவருக்கு முன்னமே காட்டினவர். எங்கட பெரியாக்கள் அப்படித்தான் சொல்லுறவை. பத்து மூத்தவையின்ர பாட்டும் அவர் சேர்த்தவர், ஆதாமின்ர கூட. ஆனா பாட்டுப் புத்தகம் ராசாவின்ர பேரிலதான்."

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "உனக்கும் பத்துப் பேர் உதவினார்களா?"

"ஆதாம் உதவேல்லை. முற்றம் அம்மா சொன்னவ, கிணறு மாமா சொன்னவர். மிச்சம் என்ர. பாட்டும் என்ர."

என் கவிதை சுவருக்குப் போகவில்லை. அவள் தன்னுடையதையும் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தாள். இடைவேளை முழுக்க நடைவழியில் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டையும் உரக்கப் படித்தோம்.

மாலையில் வீட்டில் அடியடியாகத் தமிழாக்கிச் சொன்னேன். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில் அம்மா கதவைப் பூட்டாமல் விட்டு வந்ததாக ஓர் அடி.

"இதை ஆர் உனக்குச் சொன்னது?" என்றாள் அம்மா.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பூட்டிப்போட்டு வந்தனான் எண்டெல்லோ சொன்னனீர்?"

"திருப்பி வாசி" என்றாள் அம்மா, என்னிடம்.

கவிதை அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, இன்னும் உரக்கப் படித்தேன்.