ஹீலருக்கு ஒரு வீட்டு ரூல்

எனக்குப் பதினோரு வயதான கோடையில், அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் புத்தூருக்கு ஆஸ்பத்திரி போய்க்கொண்டிருந்தாள். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை, அதனால் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். காலையில் ஆட்டோவில் போகிறவள் மத்தியானம் வந்து, முகம் கழுவக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுவாள். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற ரோட்டில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. ஆட்டோ சத்தம் கேட்டால் பால்கனிக்கு ஓடுவேன். அம்மா தானாக இறங்குகிறாளா, அப்பா கையைப் பிடித்து இறக்குகிறாரா என்று பார்ப்பேன். அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பது எனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

என்னையும் அக்காவையும் பார்த்துக்கொள்ள மாமா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் தம்பி, இன்னும் கல்யாணமாகாதவர். பகலெல்லாம் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்ப்பார். சாயங்காலமானால் ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்தையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிடுவார்.

அது அதுவரை நாங்கள் பார்த்திராத விளையாட்டு. கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. மாமா கதை சொல்வார். கதைக்குள் நாங்கள் ஆளுக்கு ஒரு வேஷம். குகைக்குள் பூதம் வந்தால் என்ன செய்வோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது பக்கம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். ஒவ்வொருவருக்கும் உயிர் என்று இத்தனை புள்ளி உண்டு. அடி வாங்க வாங்கக் குறையும், தீர்ந்துவிட்டால் ஆள் காலி. அக்கா வாள் சண்டைக்காரி. எதிர் வீட்டுப் பையன் மந்திரவாதி. நான் ஹீலர், காயத்தைத் தொட்டு ஆற்றுகிறவள். வேறு வேஷம் எதையும் நான் கேட்கவே இல்லை.

புத்தகத்தில் உள்ளபடி ஆடியதில் சீக்கிரமே தகராறு வந்தது. மந்திரவாதி ஒரு நெருப்பு உருண்டையை வீசினால் அக்கா வாளை உருவுவதற்குள் பூதங்கள் எல்லாம் சாம்பல். அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் பாதி ஆட்டத்தில் எழுந்துபோய் டி.வி.யைப் போட்டாள். மாமா அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துவந்து, புத்தக ரூல் புத்தகத்துக்கு, இனி நமக்கு வீட்டு ரூல் என்றார். ஒருமுறை நெருப்பு வீசிய மந்திரவாதி அடுத்தமுறை மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும் என்பது முதல் வீட்டு ரூல். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் எழுந்து போகவில்லை. அவன் வீட்டில் ஹிந்தி டியூஷன் காத்திருந்தது.

பிறகு அக்காவின் பார்வை என்மேல் திரும்பியது. எவ்வளவு வெட்டு பட்டாலும் ஹீலர் சும்மா தொட்டே ஆற்றிவிடுகிறாள், அதனால் யாருக்கும் சாகிற பயமே இல்லை, பயமில்லாத சண்டை சப்பென்று இருக்கிறது என்றாள். மாமா யோசித்தார். அப்படியானால் ஹீலர் தன்னுடைய உயிர்ப் புள்ளியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தது தூங்கி எழுந்தால் திரும்ப வந்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். வரவே கூடாது என்றாள் அக்கா. எந்தச் சண்டையையும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்த்துவைக்கிற மாமா, அன்றைக்குப் பகடையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ரூல் முடிவாகாமலேயே மறுநாள் ஆடினோம். குகையில் அக்கா விழுந்துவிட்டாள். அவளுக்கு ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. நான் என் உயிரில் பாதியைக் கொடுத்தேன். அடுத்து பூதம் என் பக்கம் திரும்பியது. பகடையைக் கையில் எடுத்தேனே தவிர, போட வரவில்லை.

"பயமா இருக்கா?" என்று மாமா கேட்டார்.

"இருக்கு."

"அப்புறம் ஏன் குடுத்தே?"

"அக்கா விழுந்துட்டா இல்ல மாமா?"

அவர் இன்றைக்குப் போதும் என்று புத்தகத்தை மூடினார். பூதம் என் எதிரில் நின்றது நின்றபடியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பால்கனியில் மாமா போனில் பேசுவது கேட்டது. அந்தப் பக்கம் முசிறியில் வாழை போட்டிருக்கிற தாத்தா. மாமா அவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ஒண்ணு போனாலும் ஆளு முழுசாத்தாம்ப்பா நடமாடுவான். நீங்க அக்காகிட்ட எதையும் பேசி வெக்காதீங்க" என்றார். எங்கள் சண்டை தாத்தா வரைக்கும் போய்விட்டதே, அவரும் அக்கா கட்சியில் சேர்ந்துகொண்டாரே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மாமா அக்கா என்று சொன்னது என் அக்காவை அல்ல, அவருடைய அக்காவை என்பது எனக்கு எட்டவில்லை.

அடுத்த சாயங்காலம் மாமா ரூலைச் சொன்னார். "குடுத்தது திரும்ப வராது. ஆனா மிச்சத்தை வெச்சுக்கிட்டு ஹீலர் நடக்கலாம், ஓடலாம், கடைசி வரைக்கும் கதையில இருக்கலாம். இன்னொண்ணு. குடுன்னு அவளை யாரும் கேக்கக் கூடாது. வேணாம்னு தடுக்கவும் கூடாது."

நான் அழுதேன். யாராவது அழுதால் ரூலில் ஒரு சலுகை சேர்ப்பது மாமாவின் வழக்கம். அன்றைக்குச் சேர்க்கவில்லை. என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, தேங்காய் பன் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

கோடை முடிவதற்குள் ஆபரேஷன் நடந்தது. அத்தை வந்து எங்களோடு தங்கினார். அம்மாவோடு துணைக்கு மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பார்க்கப் போனபோது மாமாவும் கட்டிலில் கிடந்தார், நோயாளிக்குப் போடுகிற பச்சை அங்கியோடு. நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை, ஒரு கிட்னியை உங்கம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் என்று அத்தை காதோடு சொன்னார். ரத்தம் கொடுப்பதுபோல அதுவும் ஏதோ ஒன்று, ஒரு வாரத்தில் ஊறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். உடனே பயம் போய்விட்டது. குகையில் என் கதி என்ன என்று கேட்டேன். மாமா சிரிக்கப் போய், வலித்ததோ என்னவோ, விலாவைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் நாங்கள் அவள் அறைக்குள் போகக் கூடாது. வாசலில் ஸ்டூல் போட்டுக்கொண்டு மாஸ்க்கோடு உட்காருவேன். கட்டிலில் அவளும் மாஸ்க்கோடு இருப்பாள். நான் இல்லாதபோது மாமாவோடு என்னவெல்லாம் செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். முழுக் கதையையும் சொன்னேன். மந்திரவாதியின் டியூஷனைச் சொன்னபோது கண்ணால் சிரித்தாள். ஹீலர் தன் உயிரிலிருந்து பாதியை எடுத்துக் கொடுத்ததும், பூதம் திரும்பியதும் வந்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவனுக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இவ்வளவு நேரம் சொல்லியும் அம்மாவுக்கு ஆள் யார் என்றே புரியவில்லையே என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

"அவன் இல்லம்மா, அவ. ஹீலர் நான்தான்" என்றேன். "ரொம்பப் பயமா இருந்துச்சு."

அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். தொடக் கூடாது என்பது நினைவுக்கு வந்து மடக்கிக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் அவ்வளவு பயந்துபோனதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வெறும் விளையாட்டும்மா என்று அவளைத் தேற்றிவிட்டு, விளையாடப் போனேன்.