ஞாயிற்றுக்கிழமைகள் யோகராணிக்கு

யோகராணி இறந்தது கண்டியில். நான் இருப்பதும் கண்டியில். ஆனால் செய்தி எனக்கு வந்தது கொரியாவிலிருந்து. ஞாயிறு காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, அங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகன் தினேஷ் அழைத்தான். "அம்மா, மிஸ் போயிட்டாங்க" என்றான். ஞாயிறுதோறும் செய்வதுபோல யோகராணிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற அவருடைய அக்காதான் பேசியிருக்கிறார். விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததாம், ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். சொல்லிவிட்டு அவன் அழுதான். அவன் வளர்ந்த பிறகு அழுது நான் கேட்டதில்லை. இந்த அஞ்சலியை எழுதச் சொன்னவர்கள் மன்னிக்கட்டும், எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. நான் செத்தால் இவன் இப்படி அழுவானா என்றுதான் நினைத்தேன்.

அவரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் நிலையத்தைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொரியாவுக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் சின்ன இடம் அது. ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில், பலகை அடித்துப் பிரித்த இரண்டு அறைகள். ஓர் அறையில் நான், மற்றதில் யோகராணி. முதலில் வந்தவள் நான். இருவரும் ஒரே டிப்ளோமா படித்தவர்கள்தான். அதில் அவர் என்னைவிட நல்ல புள்ளிகளோடு சித்தி பெற்றவர். இதை நான் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். தேயிலைத் தோட்டத்துச் சனத்தின் பேச்சும் கடைவீதிப் பேச்சும் என் வாயில் புரளும். அவரோ ஆமாம் என்பதற்கு "ஓம்" போடுகிற யாழ்ப்பாணத்துக்காரி. சனம் என்னிடம்தானே வர வேண்டும்? தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு பெண் யோகராணியின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, "உள்ள வாங்கம்மா, நான் சும்மாதான் இருக்கேன்" என்று கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. "பரவாயில்லங்க மிஸ். அவங்க முடிக்கட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். அவளுடைய கடைசி பஸ் எப்போது போகும் என்று எனக்குத் தெரியும். அவசரம் இருந்தது. ஆனாலும் காத்திருந்தாள். இத்தனைக்கும் யோகராணி நேரத்துக்கு வருகிறவர் அல்லர். சிரித்தால் கீழே துணி வெட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். என் சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்காமலே திறந்து ஊறுகாயை எடுப்பார்.

எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். வீட்டாரிடம் நான் எப்போதும் சொல்வது, தொலைபேசியில் நல்லதை மட்டும் பேசுங்கள் என்பது. அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இங்கிருந்து கவலையை ஏற்றி அனுப்பினால் அவன் கை என்னாவது? அங்கே இருப்பவர்களுக்கும் இதையே சொல்லி அனுப்பினோம். யோகராணி வந்த மாதமே கூட்டத்தில் எழுந்து நின்றார். "இஞ்சையும் சுகம், அங்கையும் சுகம். எல்லாரும் சுகமெண்டால் நாங்கள் ரெண்டு பேரும் என்னத்துக்குச் சம்பளம் எடுக்கிறம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் சொன்னதற்குத்தான் கைதட்டினார்கள்.

அவருடைய வழி வேறு. பேசத் தொடங்கும்போதே ஒரு குறையைச் சொல்ல வேண்டும், சுகம் விசாரிப்பது பிறகுதான். "குறையில தொடங்குங்கோ, சுகம் தானா வரும்" என்பார். அக்குறணையிலிருந்து வந்த ஓர் உம்மாவுக்கு அவர் அப்படிச் செய்ததைப் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். காதைப் பொத்திக்கொள்ள முடியாதே.

"என்ட மகன்ல ஒரு குறையும் இல்ல மிஸ்" என்றார் அந்த உம்மா.

"குறை இல்லாட்டி ஏன் பஸ் ஏறி வந்தனீங்கள்?" என்றார் யோகராணி.

பிறகு மகனைத் தொலைபேசியில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். உம்மா தயங்கித் தயங்கி, "நீ நான் தொழுற நேரம் பாத்துத்தான் கோல் எடுக்கிற. அது எனக்குப் புடிக்கல்ல மகன்" என்றார். அப்புறம் அந்தப் பையனின் குரல் வந்தது. "உம்மா, எனக்கு இங்க ஜும்ஆவுக்குப் போகக் கெடைக்கிறதே இல்ல." வெள்ளி தவறாமல் மகன் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அந்த உம்மா. அழுதார். அழுதுவிட்டு நெடுநேரம் மகனோடு பேசினார். போகும்போது யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். நான் வாசலில்தான் நின்றேன், என்னைப் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் மகன் விஷயத்தில்தான். கொரியாவுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் ஓர் ஆலோசகரோடு தனியாகப் பேச வேண்டும். சொந்தப் பிள்ளைக்கு நாமே ஆலோசகராக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஆகவே தினேஷை நானே கூட்டிக்கொண்டுபோய் யோகராணியின் அறையில் விட்டேன். ஒரு நாள் பேச்சு என்றுதான் நினைத்தேன். அவன் அங்கே போன பிறகும் ஞாயிறு காலை அவருக்கு எடுத்துக்கொண்டே இருந்தான். எனக்கு எடுப்பான், இரண்டு நிமிடம். "நல்லா இருக்கேன்ம்மா" என்பான். அவருக்கோ மணிக்கணக்கில் பேச்சு.

ஒரு நாள் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். "அப்படி என்னதான் பேசுறான்?"

"அவனிட்டையே கேளுங்கோவன்."

"கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்றான்."

"நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்?"

"நானும் நல்லா இருக்கேன்னுதான்."

யோகராணி தன்னுடைய அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார். ஒரு வாரம் முழுக்க அவரோடு நான் தேநீர் குடிக்கவில்லை. என் மகன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது தெரிந்தும் வயிறு எரிந்தது.

ஊருக்குக் கொண்டுபோகுமுன் அவருடைய உடலை ஒரு நாள் அஞ்சலிக்காக மலர்ச்சாலையில் வைத்திருந்தார்கள். அக்குறணை, மடவளை, தெல்தெனிய என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வந்தது. அதைவிட, வந்தவர்களின் கைகளில் தொலைபேசிகள். ஒவ்வொன்றிலும் கொரியாவிலிருந்து ஒரு முகம், சிலர் வேலைத்தொப்பியோடு. பெண்கள் வரிசையாகப் பெட்டியருகே போய்த் தொலைபேசியைச் சாய்த்துக் காட்டினார்கள். நானும் காட்டினேன். "கிட்ட கொண்டு போங்கம்மா" என்றான் தினேஷ். கிட்டக் கொண்டுபோனேன். அவன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையின் மூலையில் என் முகமும் தெரிந்தது. அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி ஞாயிறு எனக்குத்தான் என்று எண்ணியிருந்தேன். அடுத்த ஞாயிறு அவன் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் எடுத்து வழக்கம்போல "நல்லா இருக்கேன்ம்மா" என்று தொடங்கினான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "நல்லா இரு! அவங்க இருந்தா ஞாயித்துக்கிழம எடுப்ப, எனக்கு எடுக்க மாட்ட. உனக்கு அவங்க மட்டும்தான் மனுசியா? நான் யாரு?" என்று கத்திவிட்டேன். இணைப்பைத் துண்டித்துவிடுவான் என்று பயந்தேன்.

அவன் துண்டிக்கவில்லை. "அம்மா, நான் திரும்பி வந்துரட்டுமா? என்னால இங்க முடியலம்மா" என்றான். பிறகு, "இத மிஸ்கிட்டகூட சொல்லல" என்றான்.

"வாடா" என்றேன். அன்றைக்கு நாங்கள் பேசியது என் சமையலறையில் உலை வைத்த சட்டி அடிப்பிடிக்கும்வரை.

அவன் வந்து சேர இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை ஞாயிறு காலைகளில் எனக்கே எடுக்கிறான். யோகராணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை காலைகளைத்தான். அவர் இருந்திருந்தால் அவை எனக்கு வந்திருக்க மாட்டா. அன்று தொலைபேசியை வைத்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். யோகராணியிடம் ஓடிப்போய், உங்களிடம் சொல்லாததை என்னிடம் சொல்லிவிட்டான் பாருங்கள் என்று சொல்லிக்காட்ட வேண்டும். சேலையைச் சரிசெய்து, செருப்பையும் மாட்டிவிட்டேன். வாசலில் நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது.